கோமளத்தம்மாளின் மகன்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 22 டிசம்பர் 1887இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தை துணிக்கடையில் கணக்கெழுதியவர்; மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அப்படிப்பட்ட எளிய வீட்டில் இத்தகைய அறிவு எப்படி வளர்ந்தது?

பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்கள் குழந்தையின் உருவத்தையும் ஓரளவு இயல்பையும் வகுக்கின்றன. மரபணு என்ற சொல்லை டென்மார்க் அறிஞர் வில்லெம் யோகான்சன் 1909இல்தான் உருவாக்கினார். இராமானுஜனுக்குத் திருமணம் நடந்ததும் அதே ஆண்டில்தான். உருவத்தில் அவர் தாய் கோமளத்தம்மாளைக் கொண்டிருந்தார். எடுத்ததை விடாத பிடிவாதமும் தாயிடம் இருந்ததே.

அந்தத் தாய் மகனுக்கு அருகிலேயே இருந்தார். மூன்று வயது வரை குழந்தை சரியாகப் பேசாதபோது கவலைப்பட்டவர் அவர். கோயிலுக்குப் பாடச் செல்லும் அவர், மகனுக்கும் பக்திப் பாடல்களைக் கற்றுக்கொடுத்தார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து, மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்தை விரும்பி ஆடினர். நம் நாட்டு மலாய்க்காரர்களின் ரிமாவ் ரிமாவ் ஆட்டமும் இவ்வகையைச் சேர்ந்ததே. வருமானம் போதாததால் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்தனர். அவர்களுக்குத் தெரிந்த கணிதம் முழுவதையும் இராமானுஜன் பதினொரு வயதுக்குள் கற்றுவிட்டார். வறுமையால் வந்த வாய்ப்பு அது!

அவருக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. பத்து ஆண்டுகளுக்குப் பின் பிறந்த இலட்சுமி நரசிம்மனும், அவருக்குப் பின் பிறந்த திருநாராயணனும் நிலைத்தனர். அதே பெற்றோர், அதே வீடு. ஆனாலும் தம்பியர் கணித மேதைகள் ஆகவில்லை. உடன்பிறந்தோராயினும் ஒவ்வொருவரிடமும் மரபணுக்கள் சேரும் விதம் வேறு. மேலும், பத்து ஆண்டுகள் தாயின் முழுக் கவனத்தையும் பெற்றவர் மூத்தவர் ஒருவரே.

கணிதத்தில் மட்டும் மூழ்கியதால் இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்திற்கே ஓடிப்போனார். திரும்பி வந்து, பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் தேர்ச்சி பெறவில்லை. வேலையின்றித் திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் கணக்குப் போட்ட மகனைக் குடும்பம் பல காலம் தாங்கியது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், அழைப்பு வந்தது. கடல் கடப்பது குற்றமெனக் கருதப்பட்ட காலம் அது. குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் தோன்றியதாகக் கூறித் தாயே இசைந்தார் என்பர். 17 மார்ச் 1914இல் கப்பல் புறப்பட்டது. 1918இல் அவர் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

மகனைத் தாங்கிய அதே பிடி இறுக்கமாகவும் இருந்தது. இராமானுஜனும் மனைவி ஜானகியும் எழுதிக்கொண்ட கடிதங்களைக் கோமளத்தம்மாள் இடைமறித்தார். நோயும் தனிமையும் வாட்டிய ஆண்டுகளில் மனைவியின் சொல் அவரை எட்டவில்லை. 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியபோது தாயும் தம்பியும் காத்திருந்தனர். அவரோ மனைவி எங்கே என்று கேட்டார்.

பிறகு ஜானகி வந்து கணவருக்குப் பணிவிடை செய்தார். படுத்தபடியே அவர் கணக்கெழுதிய தாள்களைத் திரட்டிப் பாதுகாத்தார். 26 ஏப்ரல் 1920இல், 32ஆம் வயதில், இராமானுஜன் சென்னையில் காலமானார்.