இரண்டு மாணவர்களுக்காக வண்டி ஓட்டிய பேராசிரியர்

(இயந்திரவியல், இரண்டாமாண்டு)



நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. பள்ளிக்கூடத்திலேயே இதைப் படித்துவிட்டோம். பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் அதே சங்கதி மறுபடி வருது. இந்தத் தடவை அதுக்குப் பேரு ஃபோர்ஸ், மாஸ், ஆக்ஸிலரேஷன். தமிழ் மீடியத்திலிருந்து வந்த நமக்கு ஒரே ஆள் ரெண்டு வேஷத்துல வந்து நிக்கற மாதிரி இருக்கும். மூணே எழுத்துல அடங்கின சூத்திரம், பரீட்சைக்கு முந்தின நிமிஷத்துலகூட மனப்பாடம் பண்ணிரலாம். அதனாலேயே அதை யாரும் ரெண்டாம் தடவை திரும்பிப் பாக்கறதில்லை.

ஆனால் உலகம் போற்றிய ஒரு விஞ்ஞானி, நோபல் பரிசும் வாங்கி முடித்த பிறகு, எண்பது வயதை நெருங்கும் காலத்தில், இந்த விதி பிறந்த புத்தகத்தை ஒரு மாணவனைப் போல மறுபடி எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்று அதற்கு ஒரு பெரிய விளக்க நூலும் எழுதினார். அவர் ஒரு தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையை என்னால் முடிந்த அளவுக்கு இங்கே சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி லாகூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. அந்த வேலை காரணமாகத்தான் தமிழ்க் குடும்பம் ஒன்று லாகூரில் இருந்தது. அம்மா சீதாலட்சுமி. நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் பொம்மை வீடு என்ற நாடகத்தைத் தமிழாக்கம் செய்தவர் இந்த அம்மா. சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா.

பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே பாடம். பிறகு 1922 முதல் 1925 வரை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளி. அதன்பின் 1930 வரை மாநிலக் கல்லூரி. எங்க வீட்டுல காலேஜ் படி ஏறுன முதல் ஆள் நான்தான். நம்மில் பலருக்கும் அப்படித்தான். அவருக்கு வாய்த்த வீடு நமக்கு வாய்க்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டிலும் ஒரு இழுபறி இருந்தது. மகன் ஐ.சி.எஸ். எழுதி அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ இயற்பியல் மேல் கிறுக்கு. அம்மா பையன் பக்கம் நின்றார்.

1928-இல் ஜெர்மானிய விஞ்ஞானி சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய அணு இயற்பியல் புத்தகத்தை இந்தப் பதினெட்டு வயசுப் பையன் தானாகவே படித்து முடித்திருந்தான். நேரே அவரைப் பார்க்கப் போய்விட்டான். அந்தப் புத்தகத்தில் இருப்பது பழசாகிவிட்டது, இயற்பியலே தலைகீழாக மாறிவிட்டது என்று எழுதியவரே சொன்னார். வேறு ஆளாக இருந்தால் மனசு உடைஞ்சு போயிருக்கும். இவரோ புதிய கருத்துகளைத் தேடிப் படித்து, அதில் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிவிட்டார். 1929-இல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. இதையெல்லாம் செய்தபோது அவருக்கு நம்ம வயசுதான்!

கப்பலில் போட்ட கணக்கு

1930 ஜூலை 31-ஆம் தேதி மேல்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார். அம்மா அப்போது நோயில் படுத்திருந்தார். மறு வருஷம் மே மாதம், மகன் கேம்பிரிட்ஜில் இருக்கும்போதே, அந்தத் தாய் இறந்துபோனார்.

அந்தக் கப்பல் பயணத்தில்தான் அவர் பெயரை நிலைநாட்டிய கணக்குப் பிறந்தது. அதைச் சொல்லுமுன் நம்ம சூத்திரத்தைக் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்வோம்.

சுசீந்திரம் மார்கழித் தேரை நெனச்சுப் பாருங்க. வடம் பிடிச்சு நூற்றுக்கணக்கான பேர் இழுக்கறாங்க. முதல்ல தேர் அசையவே அசையாது. விசை இல்லையா? இருக்கு. ஆனால் எதிர்ப்பக்கம் உராய்வு அதைச் சமன் செய்துவிடுகிறது. இழுப்பு உராய்வைத் தாண்டினால் மிஞ்சுவதுதான் நிகர விசை. சூத்திரத்தில் போட வேண்டியது அந்த நிகர விசையை. தேரின் நிறை மிகப் பெரியது, அதனால் முடுக்கம் சிறியது. தேர் அசைஞ்சு அசைஞ்சுதான் வேகம் எடுக்கும். அதே ஆட்கள் ஒரு சின்ன வண்டியில் வடத்தைக் கட்டி இழுத்தால் அது பறந்துவிடும்.

எண்ணால் சொல்வோம். கோட்டாறு கடைத்தெருவில் அரிசி மூட்டை ஏற்றிய ஒரு கைவண்டி. வண்டியும் சரக்கும் சேர்ந்து 100 கிலோ. உராய்வு போக மிஞ்சும் விசை 50 நியூட்டன். முடுக்கம் 0.5, அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் கூடுது. இன்னும் 100 கிலோ ஏற்றி, அதே 50 நியூட்டன் மிஞ்சும்படி தள்ளினால் முடுக்கம் 0.25. மிஞ்சும் விசை 100 நியூட்டன் ஆனால் மறுபடி 0.5. இங்கே ஒன்றைக் கவனிக்கணும். விசை வேகத்தைத் தருவதில்லை, வேகத்தில் மாற்றத்தைத்தான் தருகிறது. நிகர விசை பூஜ்யமானால் ஓடுகிற வண்டி அதே வேகத்தில் ஓடும், நிற்கிற வண்டி நின்றபடியே இருக்கும்.

இப்போ வானத்துக்குப் போவோம். ஒரு நட்சத்திரம் பல கோடி ஆண்டுகள் ஒரே அளவில் நிற்பது ஏன்? அதன் ஒவ்வொரு அடுக்கையும் ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது, உள்ளிருக்கும் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. நிகர விசை பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம். நகராமல் நிற்கும் தேர் மாதிரித்தான். எரிபொருள் தீர்ந்து நட்சத்திரம் சூடு தணியும்போது அழுத்தம் குறைகிறது, ஈர்ப்பு ஜெயிக்கிறது, நட்சத்திரம் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் நெருக்கப்பட்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று இருக்க முடியாமல் எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளல் சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தும். இப்படி நின்றுபோன நட்சத்திரத்துக்கு வெண்குறுமீன் என்று பெயர். எல்லா நட்சத்திரத்துக்கும் இதுதான் முடிவு என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

கப்பலில் இருந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒரு கேள்வி கேட்டார். நட்சத்திரம் மிகப் பெரிதாக இருந்தால், உள்ளே எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுமே, அப்போது என்ன ஆகும்? அழுத்தம் என்பது எலக்ட்ரான்களின் உந்தத்தையும் வேகத்தையும் பொறுத்தது. சாதாரண நிலையில், நெருக்க நெருக்க ரெண்டும் ஏறும். ஆனால் ஒளியின் வேகமான வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரை எந்த எலக்ட்ரானும் தாண்ட முடியாது. உந்தம் மட்டும்தான் மேலே ஏறும், வேகம் ஏறாது. அதனால் அழுத்தம் போதிய அளவுக்கு உயராது. நிறை ஒரு எல்லையைத் தாண்டினால் ஈர்ப்பை எதிர்த்து நிற்கவே முடியாது. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குதான் அந்த எல்லை. இன்று உலகம் அதைச் சந்திரசேகர் எல்லை என்று அழைக்கிறது.

சபையில் நேர்ந்த அவமானம்

1933-இல் டாக்டர் பட்டம் பெற்று, டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் தம் முடிவை விளக்கினார். அவர் பேசி உட்கார்ந்ததும் எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியலில் அவர் சொல்தான் கடைசிச் சொல். நட்சத்திரம் அப்படி முடிவில்லாமல் சுருங்குவதை இயற்கை அனுமதிக்காது என்று கேலியாகப் பேசினார். சபை சிரித்தது. கணக்கில் எந்த இடத்தில் தப்பு என்று அவர் காட்டவில்லை. இருந்தும் பல வருஷம் எடிங்டன் பக்கமே காற்று அடித்தது. சந்திரசேகர் பக்கம் நியாயம் என்று தனியாகச் சொன்ன விஞ்ஞானிகள்கூட வெளியே வாய் திறக்கவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சண்டைக்குப் போகவில்லை. கணக்கையும் மாற்றிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் 1939-இல் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். எடிங்டனுடன் நட்பும் முறியவில்லை. 1982-இல் எடிங்டன் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் அவரைப் பெருமைப்படுத்திச் சொற்பொழிவு நிகழ்த்தியவர் இதே சந்திரசேகர்தான். கணக்குச் சரி என்பதைக் காலம் காட்டியது. 1983-இல் வில்லியம் ஃபவுலருடன் சேர்ந்து இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். கப்பலில் போட்ட கணக்குக்கும் பரிசுக்கும் நடுவே ஐம்பத்து மூன்று வருஷம்!

ஆசிரியர்

1936-இல், மாநிலக் கல்லூரியில் உடன் படித்த லலிதாவை மணந்தார். அடுத்த வருஷம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கீஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். கடைசி வரை அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு அவர் போகவில்லை. சுமார் ஐம்பது மாணவர்கள் அவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார்கள்.

வானாய்வகம் இருந்த ஊருக்கும் சிகாகோவுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். 1940-களில், வாராவாரம் அத்தனை தூரம் காரோட்டி வந்து ஒரு வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பில் மாணவர்கள் இரண்டே பேர். ஆள் இல்லை என்று வகுப்பை ரத்து செய்யவில்லை. அந்த இரண்டு பேர் சீனாவிலிருந்து வந்த லீயும் யாங்கும் என்றும், 1957-இல் அந்த வகுப்பு முழுவதற்கும் நோபல் பரிசு கிடைத்தது என்றும் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியருக்கே பரிசு வந்தது அதற்கு இருபத்தாறு வருஷம் கழித்துத்தான்.

நியூட்டனிடம் திரும்பிப் போனது

சந்திரசேகருக்கு ஒரு வழக்கம். ஒரு துறையை எடுத்தால் பல வருஷம் அதிலேயே மூழ்குவார், புத்தகம் எழுதுவார், பிறகு அடுத்த துறையில் புது மாணவனாகப் போய் உட்காருவார். அப்படிக் கடைசியாக அவர் எடுத்தது நியூட்டனின் பிரின்சிப்பியா. 1687-இல் லத்தீன் மொழியில் வெளிவந்த அந்த நூல் முழுக்க வடிவக்கணிதப் படங்கள். பேர் கேட்டவர் ஆயிரம், படித்தவர் அபூர்வம்.

அவர் கையாண்ட முறைதான் நாம் படிக்க வேண்டியது. ஒவ்வொரு தேற்றத்திலும் நியூட்டன் என்ன நிரூபிக்கப் போகிறார் என்பதை மட்டும் படிப்பார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இன்றைய கணித முறையில் தாமே நிரூபித்துப் பார்ப்பார். அதன்பிறகே நியூட்டனின் வழியைத் திறந்து ஒப்பிடுவார். பல இடங்களில் நியூட்டன் வழியே சுருக்கமும் அழகுமாக இருந்ததைக் கண்டு வியந்தார். இப்படி எழுதிய நூல் பொது வாசகருக்கான பிரின்சிப்பியா விளக்கமாக 1995-இல் வெளியானது. அதே வருஷம் ஆகஸ்ட் 21-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். 1999-இல் அமெரிக்கா விண்ணில் செலுத்திய எக்ஸ்-கதிர் ஆய்வகத்துக்குச் சந்திரா என்று அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அந்த மூல நூலில் நமக்கு ஒரு செய்தி உண்டு. நாம் எழுதும் மூன்றெழுத்துச் சூத்திரம் அந்த வடிவில் நியூட்டன் நூலில் கிடையாது. இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்றே அவர் விதி செய்தார். இயக்கம் என்று அவர் சொன்னது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வரும் உந்தத்தை. இன்றைய சூத்திர வடிவத்தைப் பின்னால் 18-ஆம் நூற்றாண்டில் வந்த ஆய்லர் போன்றோர் எழுதினார்கள். நிறை மாறாமல் இருந்து, வேகமும் ஒளியைவிட மிகக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். கைவண்டிக்கும் நம்ம லேத்துக்கும் அது போதும்.

மற்ற இடங்களுக்கு உந்தம் வேணும். ஆரல்வாய்மொழி தாண்டி மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. அந்த என்ஜின் பறக்கும்போது எரிபொருள் தீரத்தீர ராக்கெட்டின் நிறை குறையும். உந்துவிசை அதே அளவில் இருந்தாலும் முடுக்கம் ஏறிக்கொண்டே போகும். வெளியேறும் வாயு கொண்டுபோகும் உந்தத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் விடை வரும். சந்திரசேகரின் எலக்ட்ரான்களும் அப்படித்தான். ஒளியின் வேகத்தை நெருங்கும்போது நிறை, முடுக்கம் பெருக்கல் கைகொடுக்காது. விசை என்பது உந்தம் மாறும் வீதம் என்ற விதி மட்டும் அசையாமல் நிற்கும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த இடத்தில் வழி அடைபட்டுப் போகும்.

நண்பர்களே, படித்த குடும்பம், புகழ்பெற்ற சித்தப்பா எல்லாம் அவருக்கு இருந்தது உண்மை. ஆனால் விடையைப் பார்க்குமுன் தானே போட்டுப் பார்க்கும் பழக்கத்துக்குக் காசு வேண்டாம், சித்தப்பாவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கேள்வியை எழுதி, கைடை மூடி வைங்க. எந்தெந்த விசை, எந்தத் திசையில், மிஞ்சுவது எவ்வளவு என்று படம் போட்டு, விடை வந்தபிறகு கைடைத் திறங்க. ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ரெண்டு பேர் இருந்தாலே அது வகுப்புதான் என்பதைச் சந்திரசேகர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த செமஸ்டருக்கு இன்றைக்கே ஆரம்பிப்போம்.