தக்காளி டப்பாவில் தொடங்கி தண்ணீரில் எழும்பியவர்

(இறுதியாண்டு, மெக்கானிக்கல்)

இரண்டாம் ஆண்டில் நானும் அறை நண்பர்கள் இருவரும் சேர்ந்து தெர்மோகோலில் ஒரு கடல் விமான மாடல் செய்தோம். ஊர் ஏரியில் கொண்டு போய் விட்டோம். மோட்டார் கத்து கத்தென்று கத்தியது. விமானம் அழகாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. ஆனால் மேலே மட்டும் எழும்பவே இல்லை! கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், இது போட்டா பிளேனா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த மனிதர்தான் கிளென் கர்ட்டிஸ்.

விமானம் என்றாலே நமக்கெல்லாம் ரைட் சகோதரர்கள்தான். கர்ட்டிஸைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. எனவே நண்பர்களே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1878 மே 21-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கியூகா ஏரிக்கரையில் உள்ள ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். தங்கைக்கு மூளைக்காய்ச்சலில் காது கேட்காமல் போனது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ராச்செஸ்டர் நகரில் சைக்கிளில் தந்தி கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. பிறகு ஊர் திரும்பி ஒரு சைக்கிள் கடை வைத்தார். சைக்கிளை மிதித்து அலுத்துப்போய் அதில் இஞ்சின் பொருத்த ஆசை வந்தது. கார்புரேட்டருக்கு எங்கே போவது? காலி தக்காளி டப்பா ஒன்றை எடுத்தார், வேலையை முடித்தார். நம்ம ஒர்க்‌ஷாப்பில் இப்படிச் செய்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

அந்த டப்பாவில் ஆரம்பித்தவர் 1907 ஜனவரியில், ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரை மணலில், தானே செய்த எட்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 136.36 மைல் வேகத்தில் போனார். மெட்ரிக் கணக்கில் சுமார் 219 கிலோமீட்டர். அன்றைக்கு உலகத்தில் அவ்வளவு வேகமாகப் போன மனிதர் வேறு யாருமில்லை.

எடை குறைவு, சக்தி அதிகம். இந்த மாதிரி இஞ்சினைத்தான் பறக்க நினைத்தவர்கள் எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1907-ல் ஒரு சிறு பறத்தல் குழு அமைத்தபோது கர்ட்டிஸையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் குழுவின் 'ஜூன் பக்' விமானத்தை 1908 ஜூலை 4 அன்று, ஊர் ஜனமே கூடி நிற்க, கர்ட்டிஸ் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி சயன்டிஃபிக் அமெரிக்கன் கோப்பையை வாங்கினார். ரைட் சகோதரர்கள் அதற்கு ஐந்து வருஷம் முன்பே பறந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வித்தையைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். இவரோ நாலு பேர் முன்னால் செய்து காட்டினார். எனக்கு இவர் பக்கம் மனம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் பிரான்சின் ரீம்ஸ் நகரில் பெரிய விமானத் திருவிழா. ஐரோப்பாவின் சூரர்கள் எல்லாம் அங்கே. ஒரு மாதம் முன்னால்தான் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியிருந்த பிளேரியோவும் இருந்தார். கர்ட்டிஸிடம் இருந்தது ஒரே ஒரு விமானம். அது உடைந்தால் கதை முடிந்தது. எனவே மற்றப் போட்டிகளில் அவசரப்படாமல் காத்திருந்து, கார்டன் பென்னட் கோப்பைக்கான 20 கிலோமீட்டரை 15 நிமிடம் 50.6 விநாடியில் முடித்தார். பிளேரியோவுக்கு அதைவிட ஆறு விநாடி கூட அதிகம் ஆகவில்லை. ஆனாலும் தோல்வி தோல்விதானே!

ஊர் திரும்பினால் மாலையோடு வழக்கும் காத்திருந்தது. அதே ஆகஸ்டில் ரைட் சகோதரர்கள் காப்புரிமை வழக்குப் போட்டுவிட்டார்கள். விமானம் பக்கவாட்டில் சாயாமல் இருக்க அவர்கள் இறக்கையையே முறுக்கினார்கள். கர்ட்டிஸ் விமானத்தில் கீல் வைத்த சிறு பலகைகள், அதாவது இன்று எல்லா விமானத்திலும் இருக்கும் எய்லரான்கள். இரண்டும் ஒன்றே என்பது அவர்கள் வாதம். வருஷக்கணக்காக இழுத்தது. 1914-ல் மேல் நீதிமன்றமும் ரைட் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மனுஷன் அதற்காகப் பறப்பதை நிறுத்தவில்லை. 1910 மே 29-ல் ஆல்பனியிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு ஹட்சன் ஆற்றின் மேலாகவே பறந்து 10,000 டாலர் பரிசு வாங்கினார். ஆற்றில் விழுந்தாலும் மூழ்காமல் இருக்க விமானத்தில் மிதவை கட்டியிருந்தார்.

தண்ணீர் ஆசை அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. 1908 நவம்பரில் ஜூன் பக்கிலேயே இரண்டு மிதவை பொருத்தி 'லூன்' என்று பெயர் வைத்து கியூகா ஏரியில் ஓட்டினார். ஓடியது, எழும்பவில்லை. (நம்ம தெர்மோகோல் மாதிரியேதான்!) இதற்கிடையில் 1910 மார்ச்சில் பிரான்சின் ஹென்றி ஃபாப்ர் தண்ணீரிலிருந்து முதன்முதலில் எழும்பிவிட்டார். கர்ட்டிஸ் குளிரில் உறையாத சான் டியாகோ வளைகுடாவுக்குப் போய், மிதவையை மாற்றி மாற்றிப் பார்த்து, 1911 ஜனவரி 26-ல் எழும்பினார். மூன்று வாரம் கழித்து பென்சில்வேனியா என்ற போர்க்கப்பல் அருகே தண்ணீரில் இறங்கினார். கப்பல் கிரேன் விமானத்தைத் தூக்கி மேலே வைத்தது. மறுபடி தண்ணீரில் விட்டது. பறந்து கரைக்கு வந்தார். கடற்படை மயங்கிவிட்டது!

பிறகு மிதவையை விட்டுவிட்டு உடம்பே படகாக இருக்கும் பறக்கும் படகு. இங்கேதான் எங்கள் கேள்விக்கு விடை. அடி வழவழப்பாக இருந்தால் தண்ணீர் அதில் ஒட்டிக்கிட்டு பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். இஞ்சின் என்ன கத்தினாலும் விடாது. 1912-ல் கர்ட்டிஸின் படகு அடியில், நடுவில், ஒரு படி வந்தது. வேகம் எடுத்ததும் அந்தப் படியில் தண்ணீர் அறுபட்டு, பின்னால் காற்று புகுந்து, பிடி விட்டுப்போகும். அவ்வளவுதான் சூட்சுமம். நாங்களும் பிளேடால் பின்பாதி அடியை அரை அங்குலம் செதுக்கினோம். மூன்றாவது ஓட்டத்தில் தண்ணீரை விட்டது! பனைமர உயரம் போய் கருவேலங்காட்டில் விழுந்து நொறுங்கியது வேறு கதை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் அது நியாயமில்லை. 1903-ல் இரண்டு முறை ஆற்றில் விழுந்த லாங்லியின் விமானத்தை 1914-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் கர்ட்டிஸிடம் கொடுத்தது. அவர் பல இடங்களில் மாற்றிக் கட்டி, மிதவை போட்டு, கியூகா ஏரியில் சில கணம் எழுப்பிக் காட்டினார். உடனே ஸ்மித்சோனியன், பறக்கும் தகுதியுள்ள முதல் விமானம் இதுவே என்று பலகை வைத்துவிட்டது. மாற்றங்களைப் பற்றி மூச்சே விடவில்லை. வழக்கில் ரைட்டுகளின் பிடியைத் தளர்த்தினால் இவருக்கு லாபம்தானே! கோபத்தில் ஆர்வில் ரைட் தன் 1903 விமானத்தை 1928-ல் லண்டனுக்கே அனுப்பினார். மாற்றங்களை ஸ்மித்சோனியன் ஒத்துக்கொண்டது 1942-ல். விமானம் நாடு திரும்பியது 1948-ல். படித்த அன்று எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தக்காளி டப்பா ஆளுக்கு இது தேவையா?

யுத்தம் வந்தபோது அரசாங்கம் தலையிட்டு 1917-ல் காப்புரிமைகளை எல்லாரும் பகிரும்படி செய்தது. கர்ட்டிஸ் கம்பெனியின் 'ஜென்னி' விமானங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. யுத்தம் முடிந்ததும் அவை அடிமாட்டு விலைக்குப் போயின. அவற்றை வாங்கிய இளைஞர்கள் ஊர் ஊராகப் போய், இறக்கை மேல் நடந்து காட்டி, காசு வாங்கி ஜனங்களை ஏற்றிப் பறந்தார்கள். தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய லிண்ட்பர்க் 1923-ல் வாங்கிய முதல் விமானமும் ஜென்னிதான். ஆனால் அட்லாண்டிக்கை முதலில் தாண்டியது கர்ட்டிஸ் கம்பெனி கட்டிய என்சி-4 பறக்கும் படகு. 1919 மே மாதம், இடையிடையே இறங்கி, லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. கூடப் போன இரண்டு படகுகள் நடுக்கடலில் இறங்கி முடங்கின.

அதன்பின் கம்பெனி பணக்காரர்கள் கைக்குப் போனது. கர்ட்டிஸ் ஃபுளோரிடாவில் நிலம் வாங்கி ஹையலியா, ஓபா-லாக்கா என்று ஊர்களை உருவாக்கினார். 1930 ஜூலை 23-ல், குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு பஃபலோ நகரில் காலமானார். வயது 52. ஹாமண்ட்ஸ்போர்ட்டிலேயே அடக்கம்.

அதற்கு முந்தைய வருஷம்தான், இவர் பெயரில் இருந்த கம்பெனியும் ரைட் பெயரில் இருந்த கம்பெனியும் ஒன்றாக இணைந்தன. புதிய போர்டில் எழுதிய பெயர் கர்ட்டிஸ்-ரைட். ஆர்வில் ரைட் உயிரோடு இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.