இலங்கையைக் காணாமலே கடலில் அடங்கிய தோமஸ் கோக்

2005ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் திருகோணமலைக் கரையோரத்தில் வெளிநாட்டுக் குழுக்களைக் காணாத நாள் இல்லை. ஒரே நிற ரீசேட் அணிந்து வந்தார்கள். உப்புநீர் புகுந்த கிணறுகளை இறைத்துத் தந்தார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், வட்டமாக நின்று ஜெபித்தார்கள், படம் எடுத்தார்கள். இரண்டு கிழமையில் போய்விட்டார்கள். நான் அப்போது பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கைக்கு ஒரு குழு தந்துவிட்டுப் போன தண்ணீர்ப் பம்ப் மூன்றாம் மாதம் நின்றது. அதை யாரிடம் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களை யார் அனுப்பினார்கள், பணம் எந்த ஊரில் சேர்ந்தது என்று நாங்கள் கேட்டிருக்கவே இல்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் பல வருடங்களுக்குப் பிறகு தோமஸ் கோக் என்பவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். எழுத்துப்படி கோக், அவருடைய ஊரவர்கள் குக் என்று உச்சரிப்பார்கள். திருகோணமலையில் மெதடிஸ்த பெண்கள் கல்லூரியைத் தெரியாதவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரி, வேம்படி. மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரி. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் மெதடிஸ்த மிஷனை இலங்கைக்குக் கிளப்பி அனுப்பியவர் அவர். ஆனால் இந்தத் தீவின் மண்ணில் அவர் கால் பதிக்கவில்லை.

1747இல் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் பிரெக்கன் என்ற சிறுநகரில், வசதியான மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் கோக். ஒக்ஸ்பேர்டில் படித்து, சட்டத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆள் ஐந்து அடிக்கு சற்றே மேல். இங்கிலாந்துத் திருச்சபையின் உதவிக் குருவாக சவுத் பெதர்டன் என்ற கிராமத்தில் பணியாற்றியபோது, ஜோன் வெஸ்லியின் மெதடிஸ்த இயக்கத்தின் பக்கம் சாய்ந்தார். ஊரவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1777இல் அவரை வெளியேற்றிய நாளில் கோயில் மணியை அடித்துக் கொண்டாடினார்கள் என்று மெதடிஸ்த வரலாறுகள் சொல்கின்றன.

வெஸ்லிக்கு அவர் வலக்கையானார். 1784இல் அமெரிக்க மெதடிஸ்தரை ஒழுங்கமைக்கும் பொறுப்போடு அனுப்பப்பட்டார். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், தன் ஆயுளில் 18 தடவைகள் அத்திலாந்திக்கைக் கடந்தார். பெரும்பாலும் தன் சொந்தக் காசில். அமெரிக்காவின் வேர்ஜினியாவில் அடிமை முறைக்கு எதிராகப் பிரசங்கித்தபோது, இந்தக் குட்டை டொக்டருக்கு நூறு கசையடி கொடுப்பவர்களுக்கு 50 பவுண் தருகிறேன் என்று ஒரு சீமாட்டி கூட்டத்தைத் தூண்டிவிட்டார். 1785 மே மாதம் ஜோர்ஜ் வோஷிங்டனை அவருடைய வீட்டிலேயே சந்தித்து, அடிமைகளை விடுவிக்கக் கோரும் மனுவுக்கு ஆதரவு கேட்டார். ஆனால் பின்னாளில் மேற்கிந்தியத் தீவுகளில் தோட்ட முதலாளிகளின் அனுமதி தேவைப்பட்டபோது, அங்கு போன மெதடிஸ்த மிஷனரிகள் அடிமை முறையைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க வேண்டியிருந்தது. உள்ளே நுழைய அனுமதி வேண்டும் என்பதற்காக வாய் மூடிக்கொண்ட நிறுவனங்களை நாமும் பார்த்திருக்கிறோம். கோக்கை மதிக்கும்போது இதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

மேற்கிந்தியத் தீவுகளுக்கு அவர் போனதே ஒரு விபத்து. 1786 செப்டெம்பரில் கனடாப் பக்கம் உள்ள நோவா ஸ்கோஷியாவுக்குப் புறப்பட்ட கப்பலைப் புயல் அலைக்கழித்தது. ஜெபம் செய்துகொண்டிருந்த கோக்தான் இந்த அபசகுனத்துக்குக் காரணம் என்று கப்பற்தலைவன் அவருடைய தாள்களைத் தூக்கிக் கடலில் எறிந்தான். கப்பல் திசைமாறி, நத்தார் தினத்தன்று அன்டிகுவா தீவில் ஒதுங்கியது. அங்கே அவரை வரவேற்றது ஜோன் பக்ஸ்டர் என்பவர். கடற்படையின் டொக்யாட்டில் கப்பல் தச்சராக வேலை செய்தவர். வேலை முடிந்த நேரங்களில் சபையைக் கவனித்தவர்.

திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. இங்கும் எத்தனையோ குடும்பங்கள் டொக்யாட் சம்பளத்தில் வளர்ந்தவை. இன்னொன்றும் உண்டு. பக்ஸ்டர் 1778இல் அன்டிகுவாவுக்கு வருவதற்கு முன்பு, அங்கிருந்த மெதடிஸ்தக் கூட்டம் கலைந்துபோகாமல் காத்தவர்கள் மேரி அலி, சோபியா கம்பெல் என்ற இரண்டு பெண்கள். வெள்ளையர் அல்லாத பெண்கள். எந்த மாநாடும் அவர்களை அனுப்பவில்லை, அவர்களுக்காக யாரும் பணம் சேர்க்கவில்லை. மிஷன் வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு வரி.

அன்டிகுவாவில் கண்டதோடு கோக்கின் வாழ்க்கை ஒரே வேலையாகச் சுருங்கியது: ஆள் அனுப்புவது, அதற்குக் காசு சேர்ப்பது. ஒக்ஸ்பேர்ட் கலாநிதி வீடு வீடாகக் கதவு தட்டிப் பிச்சை கேட்டார். யார் வீடு என்று பார்க்கமாட்டார். ஒருமுறை ஒரு கடற்படைக் கப்டன் தன்னிடம் வந்த இந்தக் குட்டை மனிதர் யார் என்று தெரியாமலே பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு நண்பரிடம் விசாரித்து வியந்தார் என்று ஒரு கதை இருக்கிறது. சேர்ந்தது போதாதபோது தகப்பன் விட்ட சொத்திலிருந்து ஈடு செய்தார். கணக்குப் புத்தகம் என்று பார்த்தால், பல ஆண்டுகள் மெதடிஸ்த வெளிநாட்டு மிஷன் என்பது கோக்கின் சட்டைப்பைதான். அவருடைய பலம் அது. ஆபத்தும் அதுவே.

இலங்கை இந்தக் கதைக்குள் வருவது அரசியலால். 1795இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு கொழும்பும் விழுந்தது. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனி மிஷனரிகளை விரும்பவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தது. இலங்கையோ 1802 முதல் நேரடியாக முடிக்குரிய குடியேற்றம். பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் இங்கிலாந்து சென்றிருந்தபோது, மிஷனரிகள் இலங்கைக்குத் தேவை என்று அங்கே எடுத்துச் சொன்னார். நம் மக்கள் கேட்டு வந்தவர்கள் அல்ல இவர்கள். ஆட்சியாளர் கேட்டு வந்தவர்கள். இதை மறைக்கத் தேவையில்லை.

கோக்குக்கு அப்போது வயது 65. திருமணம் செய்துகொண்ட இரு மனைவியரையும், ஒருவர் பின் ஒருவராக, 1811, 1812 ஆகிய ஆண்டுகளில் இழந்திருந்தார். 1813இல் லிவர்பூலில் கூடிய மெதடிஸ்த மாநாட்டில் கீழைத்தேயத்துக்குத் தானே போகிறேன் என்று எழுந்து நின்றார். பலர் எதிர்த்தார்கள். காசு எங்கே, இந்த வயதில் எப்படி என்றார்கள். அன்றிரவு அவர் கட்டிலில் படுக்கவில்லை, தரையில் கிடந்து ஜெபித்தார் என்று அவருடன் போகவிருந்த இளைஞர் பெஞ்சமின் கிளஃப் பின்னர் பதிவு செய்தார். அடுத்த நாள் தன் சொந்தப் பணம் 6,000 பவுண் வரை தருவதாகச் சொன்னதும் மாநாடு இணங்கியது. (இதே ஆண்டில், இந்தியாவுக்கான அங்கிலிக்கன் ஆயர் பதவியைத் தனக்குத் தரலாமே என்று அரசியல் செல்வாக்குள்ளவர்களுக்கு அவர் எழுதியும் பார்த்தார். முற்றும் துறந்தவர் என்று சித்திரிப்பவர்கள் இதைத் தவிர்த்துவிடுவார்கள்.)

வீடு வீடாகப் போனவர் கப்பலேறிவிட்டால் இனி யார் காசு சேர்ப்பது? இந்தக் கவலைதான் லீட்ஸ் நகரத்தவரை அசைத்தது. 1813 ஒக்டோபர் 6ஆம் திகதி அங்கே ஒரு கூட்டம் நடந்தது. ஒரு மனிதரின் சட்டைப்பையை நம்புவதை விட்டுவிட்டு, உறுப்பினர்கள் ஒழுங்காகச் சந்தா கட்டும் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். நெசவுத் தொழில் நகரம் அது. வாரம் ஒரு பென்னி என்று சாதாரண வீடுகளிலிருந்து காசு சேரும் வழக்கம் இப்படியான சங்கங்கள் மூலம் ஊர் ஊராகப் பரவியது. ஜெபத்துக்கும் ஓர் ஒழுங்கு ஏற்கெனவே உருவாகிவந்தது. 1784இல் நோர்தம்டன்ஷயர் பப்டிஸ்தர் மாதத்தின் முதல் திங்கள் மாலையை உலகெங்கும் சுவிசேஷம் பரவுவதற்காக ஜெபிக்கும் நேரமாக ஒதுக்கினார்கள். மற்றச் சபைகளும் அதைப் பின்பற்றின. எங்கள் ஊர்ச் சீட்டுப் போலத்தான். குறித்த நாள், குறித்த தொகை, தவறினால் கேட்பதற்கு ஆள்.

1813 டிசம்பர் கடைசியில் போர்ட்ஸ்மத்திலிருந்து இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. கோக்குடன் ஓல்ட், லிஞ்ச், எர்ஸ்கின், ஹார்வட், ஸ்குவான்ஸ், கிளஃப் என்று இலங்கை நோக்கி ஆறு பேர். அவர்களில் வில்லியம் ஓல்டின் மனைவி பெப்ரவரியில் நடுக்கடலில் இறந்தார். கோக் பயணம் முழுவதும் போர்த்துக்கேய மொழி கற்றுக்கொண்டிருந்தார். இலங்கைக் கரையோரத்தில் அது புழங்குகிறது என்று அறிந்திருந்தார்.

1814 மே 3 காலை, வழக்கம்போல எழுப்பப் போன வேலையாள் கதவைத் தட்டினான். பதில் இல்லை. உள்ளே தரையில் கோக் இறந்து கிடந்தார். அன்று மாலையே உடல் இந்து சமுத்திரத்தில் இறக்கப்பட்டது.

மே 21 பம்பாயில் இறங்கிய இளைஞர்களுக்கு அப்போதுதான் மற்றப் பேரிடி. பணத்துக்கான ஏற்பாடுகள் அனைத்தும் கோக்கின் பெயரில் இருந்தன. அவர்களால் ஒரு சதமும் எடுக்க முடியாது. தலைவர் இல்லை, பணம் இல்லை, ஊருக்கு எழுதினால் பதில் வர ஏறத்தாழ ஒரு வருடம். கப்பற்தலைவரின் அறிமுகத்தில் டபிள்யூ. டி. மணி என்ற பம்பாய் வர்த்தகர் அவர்களுக்குக் கடன் கொடுத்தார். பின்னால் லண்டனில் ஒரு சபை இருக்கிறது, அது கட்டும் என்ற நம்பிக்கையில் கொடுத்தார். அந்தக் கடனில்தான் அவர்கள் ஜூன் 29இல் காலியில் கரையிறங்கினார்கள். இயக்குநர் போனதும் இழுத்து மூடப்பட்ட அலுவலகங்களைப் பார்த்த நமக்கு, அந்த வர்த்தகரின் கையெழுத்தின் பெறுமதி விளங்கும்.

அனுப்புகிறவர்கள் எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற கேள்வி இந்தக் கரையில் சாதாரணமானது அல்ல. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூரில், 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் வேலைக்காக அங்கு அனுப்பப்பட்டவர்கள்தான். அவர்களுடைய வீடுகளில் இன்னும் அந்தக் கேள்வி இருக்கிறது.

காலியில் இறங்கியவர்கள் தங்களுக்குள் இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம். மனைவியை இழந்த ஓல்ட், தனியாக மட்டக்களப்பு. ஆளுநர் பிரவுண்றிக் ஆங்கிலம் கற்பிப்பதற்கென்று அவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றை ஏற்பாடு செய்தார். சிறு வள்ளத்தில் நாட்கணக்காக அலைந்து, உடல் நலம் கெட்டு மட்டக்களப்பு சேர்ந்தார் ஓல்ட். தமிழ் படிக்கத் தொடங்கினார். எட்டு மாதங்களில் எட்டுப் பாடசாலைகளைத் திறந்தார். 1815 மார்ச் 2இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. ஊரெல்லாம் அதுவே பேச்சாக இருந்திருக்கும். அதற்கு அடுத்த மாதம் முதலாம் திகதி ஓல்ட் இறந்தார்.

மதம் மாற்றுவதும் நோக்கமாக இருந்தது. அதை அவர்கள் ஒளிக்கவில்லை. பின்னாளில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளைத் தொடங்கியது அதற்கு எதிர்வினையாகத்தான். ஆனாலும் மட்டக்களப்பார் தங்கள் மத்திய கல்லூரியின் தொடக்கத்தை 1814 என்றே எண்ணுகிறார்கள். நகரில் ஓல்டுக்குச் சிலையும் உண்டு. எட்டு மாதம் இருந்தவருக்கு அது பெரிய மரியாதை. அவருக்குப் பின் ஆட்கள் வந்தார்கள், கிழக்கில் வேலை திருகோணமலை வரை நீண்டது. அதற்குக் காரணம் ஓல்டின் எட்டு மாதங்கள் மட்டுமல்ல. லீட்ஸில் தொடங்கிய சந்தா நிற்கவில்லை. 1818இல் அப்படியான சங்கங்கள் இணைந்து, நாடு முழுவதற்குமான மெதடிஸ்த மிஷனரிச் சங்கம் முறையாக உருவானது.

கடிதங்கள் கப்பலில் போன காலம். கோக் இறந்த செய்தி இங்கிலாந்தை அடைய மாதக்கணக்கில் ஆனது. ஓல்டின் மரணச் செய்தியும் அப்படித்தான். அந்த மாதங்களில் வந்த ஒவ்வொரு முதல் திங்களும், எப்போதோ கடலுக்குள் போய்விட்ட ஒருவருடைய சுகத்துக்காக மக்கள் ஜெபித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அடுத்த நாள் காலை வழக்கம்போல அந்த வாரத்துப் பென்னியை வாங்க யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள்.