பேராசிரியர் வேண்டாம் என்ற ஒப்பரேசன்

1983க்குப் பிறகு சுவிசுக்கு வந்த எங்கட ஆட்களில் பலர் பீற்றர் நோல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார். பெரியப்பாவின் செத்தவீடு முடிந்த பிறகுதான் நானும் அவரைப் பற்றித் தேடி வாசித்தேன்.

நோல் 1926இல் பிறந்த சுவிஸ்காரர், குற்றவியல் சட்டப் பேராசிரியர். ஜெர்மனியில் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துவிட்டு 1969இல் சூரிச்சுக்கு வந்தார். சட்டங்களை எப்படி இயற்ற வேண்டும் என்று 1973இல் ஒரு நூலும் எழுதினார். எழுத்தாளர் மக்ஸ் ஃபிரிஷ் அவருடைய நெருங்கிய நண்பர்.

1981 டிசம்பரில் அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது வயது 55. டொக்டர் எதையும் மறைக்கவில்லை. பையை முழுதாக அகற்ற வேண்டும், அதன்பிறகு சிறுநீர் வெளியே ஒரு பையில்தான் சேரும், தாம்பத்திய வாழ்வும் போய்விடும். நோல் இதையெல்லாம் கேட்டார், யோசித்தார், வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியின் கையில் தன் நாட்களைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. மிச்சக் காலத்தைத் தன் விருப்பப்படி வாழ நினைத்தார். ஃபிரிஷோடு எகிப்துக்குப் போனார். சாவைப் பற்றித் தோன்றியதையெல்லாம் சொல்லிப் பதிவு செய்தார். 1982 ஒக்டோபர் 9இல் இறந்தார். அந்தப் பதிவுகள் 1984இல், ஃபிரிஷின் இரங்கலுரையோடு புத்தகமாக வந்தன.

அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஒப்பரேசனைச் செய்துகொண்டு பல வருடம் நல்லாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் அவரிடம் உண்மை சொல்லப்பட்டது, முடிவை அவரே எடுத்தார்.

பெரியப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் டொக்டர் இல்லை, நான். அவருக்கு 76 வயது, டொச் தெரியாது. மொழிபெயர்க்க நான் போனேன். புற்றுநோய் என்ற சொல்லைக் கட்டி என்று மாற்றிச் சொன்னேன். ஒப்பரேசன் ஒரு வழி, வலியைக் குறைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது இன்னொரு வழி என்று டொக்டர் விளக்கினார். பெரியப்பாவுக்கு எது முக்கியம் என்று கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பவேயில்லை. ஒப்பரேசனைச் செய்யுங்கோ என்று நானே டொச்சில் பதில் சொன்னேன். பாசத்தில்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் எட்டு மாதம் இருந்தார், பெரும்பாலும் கட்டிலில். அன்றைக்கு டொக்டர் தன்னிடம் என்ன கேட்டவர் என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

எங்கட முதல் தலைமுறைக்கு இப்போது எழுபது தாண்டுகிறது. இப்படியான அறைகளில் இனி நாங்கள் அடிக்கடி இருக்கத்தான் போகிறோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேளுங்கள். மகனோ மகளோ பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும். என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதித் திகதியிட்டு ஒப்பமிடும் பட்சியென்டன்ஃபெர்ஃபூகுங் பத்திரத்தை 2013 ஜனவரியிலிருந்து சுவிஸ் சட்டமே ஏற்கிறது. அதைச் சுகமாக இருக்கும்போதே அப்பா, அம்மாவோடு இருந்து கதைத்து எழுதுங்கள்.

கேள்வி அவர்களுடையது. பதிலையும் அவர்களே சொல்லட்டும்.