வெறுங்காலோடு மலையேறியவர்



போன மாதம் ஒரு மலைக்கிராமத்தில் ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க. ஜீப் போகாத செங்குத்தான ஒத்தையடிப் பாதை. பாதி வழியில் மூட்டுவலி வந்து, என்னால முடியலைன்னு ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். காலில் நல்ல ஷூ, கையில் தண்ணீர் பாட்டில். அப்பொழுது கர்த்தர் சாது சுந்தர்சிங்கை நினைப்பூட்டினார்.

1889-ல் பஞ்சாபில் ராம்பூர் கிராமத்தில் வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வேதபுத்தகத்தையே கிழித்து நெருப்பில் போட்டவர். 1904 டிசம்பரில், சமாதானம் இல்லாமல் ரயில் முன்னே படுத்து உயிரை விட நினைத்த விடியற்காலையில் இயேசுவைத் தரிசித்தார். வீட்டார் தள்ளிவிட்டாங்க. 1905-ல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, காவி உடுத்தி, வெறுங்காலோடு புறப்பட்டார்.

1908-ல் முதல்முறையாகத் திபெத்துக்குப் போனார். 16,000 அடிக்கு மேலான கணவாய்கள், கோடையில் மட்டுமே திறக்கும் பனிப்பாதை. அந்த உயரத்தில் மூச்சே சரியாக வராது. கூர்கற்கள் குத்தி அவர் கால்களில் இரத்தம் கசியும். ஆனாலும் வருஷாவருஷம் அந்தப் பக்கமே அவர் மனசு போனது.

ஒருமுறை பனிப்புயலில் ஒரு திபெத்தியரோடு நடந்தாராம். சரிவில் ஒருவன் விழுந்து கிடந்தான். கூட வந்தவர், நின்றால் நாமும் சாவோம் என்று போய்விட்டார். சாது அவனை முதுகில் சுமந்து ஏறினார். இருவர் உடம்பும் உரசி உண்டான சூட்டினால் இருவருமே பிழைத்தாங்க. தனியே போனவரோ கிராமத்துக்குச் சற்று முன்னே விறைத்துச் செத்துக் கிடந்தார். சாதுவே சாட்சியாகச் சொன்ன சம்பவம் இது.

1918-ல் நம் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1920-லும் 1922-லும் மேல்நாடுகள் சென்றார். பெரும் புகழ்! அங்கேயே சுகமாக இருந்திருக்கலாமே? அவர் திரும்பவும் மலையடிவாரத்துக்கே வந்தார். உடம்பு கெட்டது, கண்பார்வை மங்கியது. 1927-ல் கிளம்பி நோயினால் திரும்பினார். 1929 ஏப்ரலில் சபாத்துவிலிருந்து மறுபடியும் திபெத்தை நோக்கிப் புறப்பட்டார். அதற்குப்பின் அவரை யாரும் காணவில்லை. தேடிப்போனவர்களுக்கும் ஒரு அடையாளமும் கிடைக்கவில்லை. அவருக்குக் கல்லறையே இல்லை.

பாறையிலிருந்து எழுந்தேன். வலி போகவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மெதுவாக ஏறினேன். மேலே வயதான நாலு அம்மாமார் விளக்கு ஏற்றிவைத்துக் காத்திருந்தாங்க. நான் வராமல் போயிருந்தால்?

தேவ ஜனமே, உங்களுக்காக எந்த மேட்டில் யார் காத்திருக்கிறார்கள்? தேவனுக்கே மகிமை. ஆமென்.