சமோவா காட்டில் 314 ஏக்கர்: வெளிநாட்டில் நிலம் வாங்கி குடியேறிய 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுத்தாளருக்கு என்ன நடந்தது?

எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது ஒரு தீவுல இடம் வாங்கி செட்டில் ஆகிடணும் என்று ஒருமுறையாவது நினைக்காதவர்கள் குறைவு. அதை நிஜமாகவே செய்து பார்த்தவர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். 1890-ல் பசிபிக் கடலில் இருக்கும் சமோவாவில் சுமார் 314 ஏக்கர் நிலம் வாங்கினார். வாங்கியபோது அங்கே வீடும் இல்லை, ரோடும் இல்லை. முழுக்க காடு.

யார் இந்த ஸ்டீவன்சன்?

1850-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். குடும்பத் தொழில் கலங்கரை விளக்கம் கட்டுவது. இவருக்கோ எழுத்து மேல்தான் ஆசை. அதைவிட பெரிய சிக்கல் உடம்பு. சின்ன வயசிலிருந்தே நுரையீரல் பலவீனம். குளிர்காலம் வந்தால் இருமல், ரத்தம், படுக்கை.

1880-ல் தன்னைவிட 10 வயது மூத்த, ஏற்கெனவே குழந்தைகள் உள்ள ஃபேனி என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். 'ட்ரெஷர் ஐலண்ட்', 'ஜெகில் அண்ட் ஹைட்' இரண்டும் அதன் பிறகு வந்தவைதான். பேரும் பணமும் வந்தது, உடம்பு மட்டும் தேறவில்லை. அப்பா இறந்த 1887-ல் பிரிட்டனை விட்டுக் கிளம்பினார். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு பசிபிக் தீவுகளைச் சுற்றினார். படுத்த படுக்கையாக இருந்த மனுஷன் கடல் காற்றில் எழுந்து நடமாட ஆரம்பித்தார்.

ஏன் சமோவா?

பசிபிக்கில் அழகான தீவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனா ஸ்டீவன்சன் பார்த்தது அழகை மட்டும் இல்லை, தபாலையும்தான். சான் பிரான்சிஸ்கோவுக்கும் சிட்னிக்கும் இடையே ஓடிய தபால் கப்பல் சமோவா வழியாகப் போனது. கதையை எழுதி லண்டனுக்கு அனுப்பினால்தான் அவருக்கு வருமானம். இப்போது மலைக்கிராமத்தில் வீடு பார்ப்பவர்கள் முதலில் சிக்னல் இருக்கானு பார்க்கிறார்களே, அதேதான்.

ஆபியா நகரில் கடை வைத்திருந்த ஹாரி மூர்ஸ் என்ற அமெரிக்க வியாபாரி நிலத்தை முடித்துக் கொடுத்தார். இடத்தின் பெயர் வைலிமா. அப்போதுகூட நிரந்தரமாகத் தங்குவதாகத் திட்டமில்லை. ஆனால் அந்த ஆண்டே சிட்னி போனபோது மறுபடியும் உடம்பு விழுந்தது. இனி ஊர் திரும்ப முடியாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. 1887-க்குப் பிறகு அவர் ஸ்காட்லாந்தைப் பார்க்கவே இல்லை.

நிலம் விழுங்கிய பணம்

வாங்குவது சுலபம், அதை வைத்துக் கொள்வதுதான் கஷ்டம். காட்டை வெட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி முளைத்தது. உலகப் புகழ் எழுத்தாளர் காலையில் எழுதிவிட்டு, மண்ணில் இறங்கி களை பிடுங்கினார். அந்த வேலை அவருக்குக் கிட்டத்தட்ட போதை மாதிரி ஆகிவிட்டது. ஃபேனிதான் உண்மையான விவசாயி. விதை வரவழைத்து காய்கறித் தோட்டம் போட்டார். கொக்கோவும் நட்டார்கள். லாபம் பார்க்கவில்லை.

வீடோ பெரிசாகிக்கொண்டே போனது. கூடத்துக்கு கலிஃபோர்னியாவிலிருந்து செம்மரப் பலகை வந்தது. வெப்ப நாட்டில் இருந்துகொண்டு கணப்பு அடுப்பும் கட்டினார். இதை ஊர் ஏக்கம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அம்மா, மனைவி, மனைவியின் பிள்ளைகள், பேரன், வேலையாட்கள் என்று அத்தனை பேருக்கும் சோறு போட்டது அவருடைய பேனாதான். அதனால் நிறுத்தாமல் எழுதினார்.

அவருடைய 'பாட்டில் இம்ப்' கதை 1891-ல் சமோவா மொழியில் வெளியானது. பாட்டிலுக்குள் இருக்கும் பூதம் கேட்டதெல்லாம் கொடுக்கும் கதை. படித்தவர்களில் சிலர், இவ்வளவு பெரிய வீட்டுக்குப் பணம் கொடுத்ததே அந்த பூதம்தான் என்று நம்பினார்களாம்! ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'துசிதாலா'. கதை எழுதுபவர் என்று அர்த்தம்.

சிறைக்குப் போன சாப்பாடு

நிலம் வாங்கிய வெள்ளைக்காரர்கள் அங்கே நிறைய பேர் உண்டு. ஸ்டீவன்சன் வித்தியாசப்படுவது இந்த இடத்தில்தான். அப்போது ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சமோவாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. யார் அரசர் என்பதையும் அவைதான் முடிவு செய்தன. லௌபெபாவை அரசராக வைத்தார்கள். அவருக்கு எதிராக நின்ற மாதாஃபாவை ஸ்டீவன்சன் ஆதரித்தார். லண்டன் பத்திரிகைக்கு கடிதம் எழுதினார், 1892-ல் சமோவா பிரச்சினை பற்றி தனிப் புத்தகமே போட்டார். பிரிட்டிஷ் அதிகாரிகள் கடுப்பானார்கள். அவரை நாடு கடத்துவது பற்றிக்கூட பேச்சு எழுந்தது. அப்படி நடந்திருந்தால், உயிர் பிழைக்க வந்த இடத்தையே இழந்திருப்பார்.

1893-ல் போர் வெடித்தது. மாதாஃபா தோற்று நாடு கடத்தப்பட்டார். அவருடைய ஆதரவுத் தலைவர்கள் ஆபியா சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களைப் பார்க்கப் போய், சாப்பாடும் புகையிலையும் கொடுத்தவர் ஸ்டீவன்சன்.

1894-ல் விடுதலையான தலைவர்கள் வைலிமா வந்தார்கள். உங்கள் வீட்டுக்கு நாங்களே ரோடு போட்டுத் தருகிறோம், கூலி வேண்டாம் என்றார்கள். சமோவாவில் தலைவர்கள் மண் வெட்டும் வேலை செய்வது சாதாரண விஷயம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் வேலை செய்து அக்டோபரில் பாதையை முடித்தார்கள். அதற்கு 'அன்பு உள்ளங்களின் பாதை' என்று பெயர் வைத்தார்கள்.

டிசம்பர் 3, 1894

காலையில் 'வீர் ஆஃப் ஹெர்மிஸ்டன்' நாவல் எழுதினார். கதை நடப்பது ஸ்காட்லாந்தில். மாலையில் ஃபேனியோடு சாலட்டுக்கு மயோனைஸ் கலக்கிக்கொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. அன்று இரவே உயிர் பிரிந்தது. 44 வயது. வாழ்நாள் முழுக்க பயந்த நுரையீரல் அவரைக் கொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயேயா மலை உச்சியில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே போக வழி கிடையாது. சமோவா மக்கள் கோடரியும் கத்தியுமாக வந்து காட்டை வெட்டி பாதை போட்டார்கள். மறுநாளே செங்குத்தான அந்த மலையில் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து ஏறினார்கள்.

வைலிமாவை ஃபேனி பிறகு விற்றுவிட்டு கலிஃபோர்னியா போய்விட்டார். வீடு ஜெர்மன் ஆளுநர், அப்புறம் நியூசிலாந்து நிர்வாகி என்று பலர் கைக்கு மாறியது. அவர் இறந்து 100 ஆண்டு ஆன 1994-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1914-ல் இறந்த ஃபேனியின் அஸ்தியை மகள் அடுத்த ஆண்டு கப்பலில் கொண்டுவந்து, அதே மலை உச்சியில் கணவர் பக்கத்தில் வைத்தார்.