எண்களின் ஒழுங்கைக் கண்டவர்

காவிரியால் வளங்கொழிக்கும் தஞ்சை நாட்டில் கல்விச் சிறப்பால் பெயர்பெற்ற ஊர் கும்பகோணம். அவ்வூரில் வளர்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய் கோமளத்தம்மாளின் பிறந்தகத்தில் அவர் பிறந்தார். தந்தையார் குடந்தையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். வறுமை அவ்வீட்டை விட்டு அகலவில்லை.

1904இல் இராமானுஜன் உதவித்தொகையுடன் குடந்தை அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் அவர் உள்ளம் முழுவதையும் கவர்ந்துகொண்டது, பிற பாடங்களில் தோற்றார், உதவித்தொகையும் போயிற்று. சென்னையில் மீண்டும் பயின்றும் தேர்வில் வெற்றி கிட்டவில்லை. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டியை வியப்பில் ஆழ்த்தியது. 1914இல் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கு அவ்விருவரும் ஒரு வினாவை ஆராய்ந்தனர். 12 என்னும் எண்ணை 2, 3 ஆகிய இரு பகா எண்கள் வகுக்கும். 30ஐ 2, 3, 5 ஆகிய மூன்று வகுக்கும். 31ஐ வகுப்பது 31 மட்டுமே. முறையின்றித் தோன்றும் இத்தொகைகளுக்கு ஒழுங்கு உண்டா? உண்டு என்று 1917இல் அவர்கள் நிறுவினர். ஒவ்வோர் அளவிலுள்ள எண்களுக்கும் ஒரு நடுத்தொகை உண்டு. பெரும்பாலான எண்கள் அதனை ஒட்டியே நிற்கும். ஒரு கோடியை அடுத்த எண்களுக்கு அது ஏறக்குறைய மூன்று.

ஒரு வயலின் நெற்பயிர்களை அளந்து பாருங்கள். மிக நெடியனவும் மிகக் குறியனவும் சில, இடைப்பட்டனவே பல. இவ்வளவுகளை வரைந்தால் மணி போன்ற வளைவு தோன்றும். அதனை இயல்நிலைப் பரவல் என்பர். பகா எண்களின் தொகைகளும் எண்கள் பெருகப் பெருக அவ்வளைவையே மெல்ல நெருங்குகின்றன என்று 1940இல் எர்டெஷ், காக் என்னும் அறிஞர்கள் மெய்ப்பித்தனர்.

அதனைக் காண இராமானுஜன் இல்லை. நோயுற்று 1919இல் தாயகம் திரும்பிய அவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார். இன்று கணினியின் விரிதாளில் ஒரு பத்தியில் தொகைகளையும், மறு பத்தியில் அத்தொகையைப் பெற்ற எண்கள் எத்தனை என்பதையும் இட்டு, மாணவர் எவரும் அவ்வடிவை வரைந்து காணலாம். நடுவே உயர்ந்து இருபுறமும் தாழும் அக்கோட்டின் நடுவிடத்தை முதலில் காட்டியவர்களுள் ஒருவர், தேர்வில் தோற்ற அக்குடந்தை இளைஞரே.